ஏரோகிராமிலிருந்து வட்ஸ்அப் வரை: வீட்டுக்கு வந்த சேதிகளைச் சேர்த்து வைப்பது எப்படி

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டிலும் கட்டிலுக்குக் கீழே இருக்கும் றங்குப்பெட்டியிலும் தேடிப் பார்த்தால் ஏதாவது அகப்படும். நீல நிற ஏரோகிராம் (மடித்து ஒட்டினால் தானே உறையாகும் விமானத் தபால் தாள்) கட்டு, ரப்பர் வளையம் உருகி ஒட்டிப்போன கடித உறைகள், மேலே பெயர் எழுதாத கசற் இரண்டு மூன்று, ஜேர்மனியில் பனிக்குள் நின்று எடுத்த படத்தின் பின்பக்கத்தில் நாலு வரி. இதையெல்லாம் குப்பை என்று எரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கிடக்கட்டும் என்று பெட்டியைத் திரும்ப மூடி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், முடிவு இரண்டுக்கும் ஒன்றுதான், ஏனென்றால் மூடி வைத்ததைக் கறையான் தின்றுவிடும்.

ஒரு குடும்பம் தூரத்தைக் கடந்து எப்படிக் கதைத்தது என்பதற்கு இவைதான் சாட்சி. இவற்றை எடுத்து, திகதி பிடித்து, பேரப்பிள்ளைக்கும் விளங்கும்படி சேர்த்து வைப்பது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெரிய காசு தேவையில்லை. கைபேசி ஒன்று, கொப்பி ஒன்று, பென்சில், கொஞ்சம் ஞாயிற்றுக்கிழமைகள், அவ்வளவுதான்.

எதிலிருந்து தொடங்குவது

எல்லாரும் ஆகப் பழையதில்தான் கை வைப்பார்கள். நான் சொல்வது அதற்கு நேர்மாறு.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது கிடைத்த சின்ன முத்திரையில் இருந்த பிராமி எழுத்து, இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த பிறகும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. பனையோலைச் சுவடி நன்றாகப் பேணினால் இருநூறு முந்நூறு வருடம் நிற்கும். சாதாரணத் தாளில் எழுதிய கடிதம் பூச்சியும் ஈரமும் படாமல் இருந்தால் நூறு வருடத்தைத் தாண்டும். கசற் நாடா முப்பது நாற்பது வருடத்திலேயே தளரத் தொடங்கிவிடுகிறது, பக்ஸ் தாளில் எழுத்து சில வருடத்தில் வெளிறிவிடுகிறது, வட்ஸ்அப்பில் வந்த குரலோ கைபேசி கிணற்றுக்குள் விழுந்தால் அன்றோடு சரி. சேதி சொல்லும் வழி ஒவ்வொரு தடவை மாறும்போதும் வேகம் கூடியது, ஆயுள் குறைந்தது. ஆகவே ஓலையையும் கடிதத்தையும் பார்த்துப் பதறாதீர்கள், அவை இன்னும் கொஞ்சக் காலம் உங்களுக்காகக் காத்திருக்கும். காத்திருக்காதவை வேறு. முதலில் வயது போனவர்களின் நினைவு, பிறகு பக்ஸ் தாள், பிறகு கைபேசிக்குள் இருப்பவை, பிறகு கசற், கடைசியில்தான் கடிதம். இந்த வரிசையில் போங்கள்.

அம்மம்மாவிடம் என்ன கேட்பது

"அந்தக் காலத்தில் எப்படி இருந்தது அம்மம்மா?" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல, கஷ்டம்தான்" என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். பெரிய கேள்விக்குச் சின்னப் பதில்தான் வரும். கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ஓர் ஏரோகிராமை மடியில் வைத்து, இது வந்த அன்று யார் வாங்கினது, தபால்காரர் படலையில் மணி அடித்தாரா உள்ளே வந்தாரா, யார் வாசித்துக் காட்டினது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைத் தவறவிடவே கூடாது. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாமார் எத்தனையோ பேர் பிள்ளையின் கடிதத்தை அயல்வீட்டுப் பெட்டை ஒருத்தியிடம் கொடுத்து வாசிக்கக் கேட்டார்கள், பதிலையும் அவளைக் கொண்டே எழுதுவித்தார்கள். அந்தப் பெட்டைக்கு அந்த ஒழுங்கையில் இருந்த அத்தனை வீட்டு இரகசியமும் தெரிந்திருக்கும், இன்று அவருக்கு அறுபது எழுபது வயது இருக்கும், முடிந்தால் அவரையும் தேடிப் போய்க் கேளுங்கள்.

அடுத்ததாக, போன வழியைக் கேளுங்கள். சமாதான காலம் என்றால் தபாற்கந்தோரும் இரவு மெயில் ரெயினும். 1990இல் போர் திரும்ப மூண்ட பிறகு அப்படியில்லை. ரெயின் நின்றது, மின்சாரம் போனது, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள், சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டார்கள், பத்திரிகைகள் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்கூட அச்சாகி வந்தன. கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து கொழும்புக்குப் போகிற யாரோ ஒருவரின் கையில் பத்து வீட்டுக் கடிதம் இருக்கும். செஞ்சிலுவைக் குழு மூலம் போகும் குடும்பச் சேதித் தாளில் வீட்டுச் செய்தி மட்டும்தான் எழுதலாம், அதை ஒட்ட முடியாது, திறந்தபடியேதான் போகும். வெளிநாட்டுப் பிள்ளையோடு ரெலிபோனில் கதைப்பதற்காகவே வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய் லொட்ஜில் தங்கிக் காத்திருந்த தாய்மார் இருக்கிறார்கள். பின்னாளில் கொமினிக்கேசன் என்ற ரெலிபோன் கடை வந்தது, குறித்த நேரத்துக்குப் போய் வாங்கில் இருந்து பெயர் கூப்பிடும்வரை பார்த்திருப்பது. எந்தக் கடை, எத்தனை மணி, நிமிசத்துக்கு எவ்வளவு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும் என்பதால் எதைக் கதைக்காமல் விட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விலை ஞாபகம் வந்தால் அதோடு சேர்ந்து அந்த நாளே வந்துவிடும்.

கேட்டே ஆகவேண்டிய இன்னொன்று உண்டு. போர்க்காலக் கடிதங்களில் நேரே எழுத முடியாததைச் சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள். கடிதம் யார் கையில் பிரிபடும் என்று தெரியாத காலம் அது. வாசித்தால் சாதாரண வீட்டு விசயம் மாதிரி இருக்கும், ஆனால் ஒரு பெயருக்குப் பின்னால் வேறு ஆள் இருப்பார், ஒரு கலியாணத்துக்குப் பின்னால் வேறு சங்கதி இருக்கும். அந்தச் சாவி எழுதினவரிடமும் வாங்கினவரிடமும் மட்டும்தான் இருக்கிறது. தாளை எவ்வளவு நன்றாகப் பாதுகாத்தாலும் அதை விளக்கச் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்த வரி ஊமைதான். மனிதர் முதலில் என்று நான் சொன்னதற்கு முக்கியமான காரணம் இதுவே.

ஒலிப்பதிவுக்குக் கைபேசி போதும். ஃபேனை நிறுத்துங்கள், ரிவியை நிறுத்துங்கள், கைபேசியை ஓர் அடி தூரத்தில் மெத்தையான துணியில் வையுங்கள், விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் யாராவது கோல் எடுப்பார்கள். தொடக்கத்திலேயே திகதி, இடம், கதைப்பவர் பெயர், ஊர் எல்லாவற்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், களைத்துப்போவார். அழுதால் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடுங்கள். இன்னும் கேட்க இருந்தால் வேறொரு நாள் போகலாம்.

1995 ஒக்டோபர் 30இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டவர்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்தார்கள், கடிதத்தை எடுக்க யாருக்கும் ஓடவில்லை. பயத்தில் எரித்தவர்களும் புதைத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீடு என்றால் இல்லாததையே எழுதி வையுங்கள்: யாருடைய கடிதம், ஏறத்தாழ எத்தனை, எந்தப் பெட்டியில் இருந்தது, எப்போது போனது, அதில் நினைவிருக்கிற ஒரு வரி. அதுவும் ஆவணம்தான்.

பக்ஸ் தாள்

வழவழவென்று இருக்கும் சுருள் தாளில் வந்த பக்ஸ் வெப்பத்தால் எழுத்து விழுந்த தாள், வெளிச்சமும் சூடும் பட்டால் போய்விடும். கண்டவுடன் படம் எடுங்கள். மங்கிப் போயிருந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அழுத்தம் கூட்டிப் பாருங்கள், பல நேரம் எழுத்து திரும்பத் தெரியும். பிளாஸ்ரிக் உறைக்குள் போட வேண்டாம்.

கைபேசிக்குள் இருப்பவை

வட்ஸ்அப்பில் குரல் செய்தி 2013இல் வந்தது. அதற்குப் பிறகு எழுதக் கஷ்டப்பட்ட எங்கள் மூத்தவர்கள் எல்லாரும் குரலுக்குத் தாவிவிட்டார்கள், ஒரு தலைமுறையின் பேச்சு அப்படியே அந்தச் சின்ன நீலக் கோடுகளுக்குள் இருக்கிறது. அப்பப்பா செத்து இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் குரலைத் தேடுகிற பிள்ளை கைபேசி மாற்றியபோது அதை இழந்துவிட்டதை அப்போதுதான் கண்டுபிடிக்கும். இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது. உரையாடலைத் திறந்து, அதன் மெனுவில் உரையாடலை ஏற்றுமதி செய்யும் தெரிவை அழுத்தி, படமும் குரலும் சேர என்று கொடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கோ கணினிக்கோ அனுப்புங்கள். மிக நீண்ட உரையாடல் என்றால் எல்லாம் வராது, பழையது வெட்டுப்படும், ஆகவே அன்ட்ரொயிட் கைபேசி என்றால் அதைக் கணினியில் செருகி வட்ஸ்அப்பின் குரல் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே பிரதி பண்ணுவது பாதுகாப்பு. அந்தக் கோப்புகளின் பெயரிலேயே திகதி இருக்கும், அதை மாற்றாதீர்கள். ஒன்றை இன்னொருவருக்கு ஃபோர்வேர்ட் பண்ணி அங்கே சேமித்தால் புதுத் திகதி விழுந்துவிடும், மூலத்தைத்தான் எடுக்க வேண்டும்.

ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது. 2003இல் தொடங்கி எத்தனை கலியாணப் பேச்சு, எத்தனை பிறந்தநாள், எத்தனை செத்தவீடு அதில் நடந்திருக்கும். ஒரு நிறுவனத்தின் தீர்மானம் ஒன்றோடு அது முடிந்தது. இன்று பாவிக்கிற வைபரும் வட்ஸ்அப்பும் ஒரு நாள் அப்படித்தான் போகும் என்று வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு தரம், தைப்பொங்கலோ வேறு எந்த நாளோ உங்களுக்கு மறக்காத ஒரு நாளில், பிரதி எடுங்கள்.

கசற்

கடிதத்தில் இல்லாத ஒன்று கசற்றில் இருக்கிறது: வீடு. தகப்பன் கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் சேவல் கூவும், யாரோ கிணற்றில் வாளி விடுவார்கள், தங்கச்சி "நானும் கதைக்கப்போறன்" என்று இடையில் வருவாள். எழுதத் தெரியாதவருக்கும் இது கை கொடுத்தது. ஆகவே எடுத்த எடுப்பில் போட்டுப் பார்த்து நாடாவை அறுத்துவிடாமல் கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

முதலில் கசற்றின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் தகடுகளையும் உடைத்து விடுங்கள், பிறகு தவறுதலாக மேலே பதிய முடியாது. கண்ணாடிப் பகுதியால் பாருங்கள், நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே கூடாது, அதைத் தனியாக வையுங்கள், தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவாக்க வேண்டும். அறுபது நிமிடக் கசற் பக்கத்துக்கு அரை மணித்தியாலம், தொண்ணூறு என்றால் முக்கால் மணித்தியாலம். நூற்றிருபது நிமிடக் கசற்றின் நாடா மெல்லியது, சீக்கிரம் அறும், அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

ரேப் ரெக்கோடரின் தலைப்பகுதியை ஃபாமசியில் வாங்கும் ஸ்பிரிற்றில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உங்களுக்குத் தேவையில்லாத ஒரு பாட்டுக் கசற்றை முதலில் ஓட விட்டுப் பாருங்கள். மெசின் நாடாவைத் தின்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். சரியாக ஓடினால் உங்கள் கசற்றை ஒருமுறை கடைசிவரை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் சுற்றுங்கள், வருடக்கணக்காக ஒட்டிக் கிடந்த நாடா தளரும். பிறகு இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், ஓடாசிற்றி (Audacity) என்ற இலவச மென்பொருள், வேவ் (WAV) வடிவத்தில் சேமிப்பு. எம்பி3 பகிர்வதற்கு நல்லது, பாதுகாப்பதற்கு வேவ்தான். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், அந்தச் சேவல் கூவலையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள். இரைச்சல் குறைத்தது வேண்டுமென்றால் தனிப் பிரதியில் செய்யுங்கள்.

கடிதம்

கடிதத்தைக் கையாளுவது எளிது, கெடுப்பது அதைவிட எளிது. லமினேற் பண்ணாதீர்கள். செலோரேப் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். துருப்பிடித்த குண்டூசியையும் கம்பியையும் மெதுவாகக் கழற்றுங்கள். உறையை எறியாதீர்கள், கடிதத்தில் திகதி இல்லாவிட்டாலும் உறையில் தபால் முத்திரை இருக்கும். முத்திரை சேர்க்கிற பிள்ளைகள் மூலையை வெட்டி எடுத்த உறைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும், வரலாற்றில் பாதி அந்த மூலையில்தான் இருந்திருக்கும்.

விறாந்தையில் காலை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து இரண்டு பக்கமும் எடுங்கள், உறையின் இரண்டு பக்கமும் எடுங்கள். ஏரோகிராமில் மடிப்புச் சிறகிலும் எழுதியிருப்பார்கள், இடம் முடிந்த பிறகு விளிம்பைச் சுற்றியும் எழுதியிருப்பார்கள், தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்பக்கத்தில் பென்சிலால் மெல்லியதாக ஒரு இலக்கம் போட்டு, அதே இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, யார், யாருக்கு, எங்கிருந்து, எப்போது என்று குறியுங்கள். கணினிக் கோப்பின் பெயரை வருடத்தில் தொடங்குங்கள், 1988-03-12-பாரிஸ் என்ற மாதிரி, அப்படியென்றால் கணினி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கித் தரும்.

படம் எடுத்தது போதாது, தட்டச்சும் செய்யுங்கள். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன் படித்தவர்கள் ணா, றா, னை, லை போன்றவற்றைப் பழைய வடிவத்தில்தான் எழுதினார்கள், எங்கள் ஊரில் பலர் அதற்குப் பிறகும் விடவில்லை. இன்றைய பிள்ளைகள் அதில் தடக்குப்படுகிறார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க இன்னொருவர் அடித்தால் ஒரு பின்னேரத்தில் ஐந்தாறு கடிதம் முடியும். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். மேலே போட்ட பிள்ளையார் சுழி, "நான் நலம், நீங்கள் நலமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்" என்ற தொடக்கம், அடியில் இடுக்கி எழுதிய "மறந்துவிட்டேன், மாமியைக் கேட்டதாகச் சொல்லவும்" எல்லாவற்றையும் அப்படியே அடியுங்கள். தந்தி இருந்தால் அதன் பக்கத்தில் அதே செய்தியைச் சொன்ன கடிதத்தையும் வையுங்கள், சொல்லுக்குக் காசு என்றதும் மனிதர் எதை வைத்துக்கொண்டு எதை வெட்டினார்கள் என்று பார்க்கலாம்.

வைக்கிற இடம்: கஞ்சி போடாமல் தோய்த்த பருத்திச் சீலையில் சுற்றி, அலுமாரியின் நடுத்தட்டில், வெளிச்சுவரில் முட்டாமல். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பையில் கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி உருண்டை தாளில் நேரே முட்டக் கூடாது. கணினிப் பிரதி மூன்று இருக்கட்டும், ஒன்று இந்த வீட்டில் இருக்கவே கூடாது.

ஓலைச்சுவடி அகப்பட்டால் நீங்களாக எண்ணெய் பூசவோ கட்டை அவிழ்க்கவோ வேண்டாம். பல்கலைக்கழக நூலகத்திலோ நூலகம் நிறுவனத்திலோ கேளுங்கள். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து இலவசமாக வாசிக்கத் தருகிறது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டு என்ற நினைவு நூல்களையும் அங்கே பார்க்கலாம், உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய கல்வெட்டையும் எறியாதீர்கள், பிள்ளைகள் எந்த நாட்டில், மருமக்கள் எந்த ஊர் என்று வம்சமே அதில் இருக்கும், கடிதத்தில் வரும் பெயர்களை அடையாளம் காண அதைவிட நல்ல உதவி இல்லை.

யாரிடம் காட்டலாம், யாரிடம் கூடாது

எழுதினவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்காமல் எதையும் வெளியே போடக் கூடாது, சொந்த அண்ணனாக இருந்தாலும் சரி. காதல் கடிதம் என்றால் வாசிக்காமலே உரியவரிடம் கொடுத்துவிடுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் கையெழுத்து இருக்கிற வீடு என்றால் மூலத்தை எந்த அமைப்புக்கும், எந்த ஆய்வாளருக்கும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம், பிரதி மட்டும் போதும், அதையும் தாயோ மனைவியோ விரும்பினால் மாத்திரம்.

மற்றப் பாதி

ஒரு விசயத்தைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் வீட்டில் இருப்பவை உங்களுக்கு வந்த கடிதங்கள். உங்கள் அம்மா எழுதியது உங்கள் வீட்டில் இல்லை, அது ரொறன்ரோவில் மாமாவின் பேஸ்மென்ற்றில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, பாரிஸில் சித்தியின் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது, சூரிச்சில் வீடு மாறும்போது எறியப்பட இருக்கிறது. கேள்வி இங்கே, பதில் அங்கே. அங்கிருந்து வந்த "படம் கிடைத்தது, தம்பி நன்றாக மெலிந்துவிட்டான்" என்ற வரிக்கு இங்கிருந்து போன படம் எது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். வீட்டில் இருந்தவர்கள் ஷெல் விழுந்ததைச் சொல்லாமல் மாங்காய் காய்த்ததைச் சொன்னதும், அங்கே இருந்தவர்கள் வேலை போனதைச் சொல்லாமல் காசு அனுப்பினதும் அப்போதுதான் வெளிக்கும்.

ஆகவே குடும்ப வட்ஸ்அப் குழுவில் இன்றைக்கே ஒரு குரல் செய்தி போடுங்கள், எழுதினால் வாசிக்க மாட்டார்கள். "அம்மா எழுதின கடிதம் உங்களிட்ட இருந்தால் எறியாதையுங்கோ, உறையோட சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கோ" என்று சொன்னால் போதும். நீங்கள் ஏற்கெனவே எடுத்த படங்களில், அவர்களே தங்கள் கையால் எழுதி மறந்துபோன கடிதம் ஒன்றின் படத்தையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள், பிறகு தேடாமல் இருக்க மாட்டார்கள். அங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆனால் படம் எடுக்கத் தெரியும், வேலையை அவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் பலர் உண்டு. மூலத்தை அவர்களிடம் கேட்டு வாங்காதீர்கள், அது அவர்களுடையது. வரும்போது பென்டிரைவ் ஒன்றில் பிரதி கொண்டுவரச் சொல்லுங்கள், உங்களுடையதையும் ஒன்றில் ஏற்றி ஆயத்தமாக வைத்திருங்கள், கோயிலுக்குப் போகாத ஒரு பின்னேரம் பார்த்து எல்லாரும் விறாந்தையில் இருந்து திகதிப்படி இரண்டையும் ஒன்றாக அடுக்கிவிடலாம்.